கணக்குக் காட்டாத கணிப்பொறி

இங்கு நான் வழக்கமாகச் சங்கப் பாடல்களைப் பற்றியும் உரையாசிரியர்களைப் பற்றியும் எழுதி வருபவன். இம்முறை ஏரியையும் கணிப்பொறியையும் பற்றி எழுதப் போகிறேன். தமிழ் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது, சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

சில காலத்துக்கு முன்பு உத்திரமேரூர் வட்டத்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு கூட்டம். வெள்ள அபாயப் பகுதிகளைக் கணினி வழியாகக் கண்டறிந்து வரைபடமாக்கியிருப்பதாகவும், அதை ஊராருக்கு விளக்கப் போவதாகவும் சொன்னார்கள். மாணவன் ஒருவன் அவ்வூர்க்காரன். அவன் அழைத்ததால் நானும் போயிருந்தேன். நூலகக் கட்டடத்தின் சுவரில் படம் ஒளிர்ந்தது. ஏரி அடர்நீலம், அதைச் சுற்றி வெளிர்நீலம், மற்றவை வெள்ளை. விளக்க வந்த இளைஞர் மரியாதையாகவும் பொறுமையாகவும் பேசினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஊரின் கீழண்டைக் காலனி அந்தப் படத்தில் வெள்ளையாக இருந்தது. 2015ஆம் ஆண்டு மழையில் அந்தக் காலனி மக்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததை ஊரே அறியும். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். ஏரிக்கு மடை திறந்து நீர் பாய்ச்சிய குடும்பம் அவருடையது.

"தம்பி, எங்க ஏரிக் கலங்கல் இதுல எங்க இருக்குது?"

இளைஞர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் மாடல்ல எடுத்துக்கிட்டிருக்கும் ஐயா."

"இருக்கும்னா? எடுத்திருக்குதா, எடுக்கலையா?"

"மாடல் ரிசல்ட் இப்படித்தான் வந்திருக்கு ஐயா."

பெரியவர் அமர்ந்துவிட்டார். கூட்டம் தேநீரோடு முடிந்தது. மறுநாள் என் மாணவனும் நானும் வரத்துக் கால்வாயை ஒட்டி நடந்து பார்த்தோம். புதிய மனைப்பிரிவு ஒன்றின் சாலை கால்வாயை மறித்துப் போகிறது. அடியில் ஒரு சிறு குழாய்ப் பாலம். அதன் வாயில் பாதிக்கு மேல் மண். பெருமழையில் நீர் அங்கே திரும்பிச் சாலையோடு இறங்கி எங்கே போகும் என்பதை அறிய எந்த மென்பொருளும் வேண்டாம். காலனிக்குத்தான் போகும்.

'எடுத்துக்கொண்டிருக்கும்' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. அதற்கு எழுவாய் எது? எடுத்தவர் யார்? பொறியாளரா, ஆலோசனை நிறுவனமா, அலுவலகமா? மாடல்தான் எழுவாய். மனிதர் எல்லோரும் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிட்டனர். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இது சிறு செய்தியன்று. பொறுப்பைத் துறக்க விரும்பும் மொழி முதலில் எழுவாயைத்தான் துறக்கும்.

*

அன்றிரவு நண்பரான கவிஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கணிப்பொறிக்கு மண்வாசனை தெரியுமா? இந்த மாதிரி, பாவனை எல்லாமே மோசடிதான்" என்றார். அந்தப் பதில் இளைஞரின் பதிலைவிட எனக்கு எரிச்சலூட்டியது. நம் இலக்கிய வட்டங்களில் மிகச் சுலபமாகக் கைதட்டல் வாங்கித்தரும் வாக்கியம் இதுதான். ஆகவே முதல் சண்டை என் வீட்டாரோடு.

சிமுலேஷன் என்பதற்குப் பாவனை, உருவகப்படுத்தல், போலச்செய்தல் என்று நம்மவர் பல சொற்களைச் சொல்லிப் பார்த்திருக்கின்றனர். ஊரில் எல்லாமே 'மாடல்'தான். நான் பாவனை என்ற சொல்லையே விரும்புகிறேன். உண்மையில்லாத ஒன்றை உண்மைபோல் வைத்துப் பார்த்து, உண்மையைப் பற்றி ஏதேனும் அறிந்துகொள்ள முடியுமா என்று முயல்வது அது. இதில் மோசடி எங்கே இருக்கிறது? தமிழ் கற்றவன் இதைக் கண்டு அஞ்சலாமா?

தொல்காப்பியம் நிலத்தை வகுத்துக்கொண்ட முறையை எண்ணிப் பாருங்கள். இடமும் பொழுதும் முதற்பொருள், மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள், மனநிலை உரிப்பொருள். குறிஞ்சியில் நெய்தல் மணலே கிடையாது என்றோ, மருதத்தில் எவரும் பிரிந்து தவிக்கவில்லை என்றோ அந்நூல் சொல்லவில்லை. உலகத்தில் ஆயிரத்தை விட்டுச் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே உறவு கட்டி, ஒரு மாதிரியை எழுப்பியது. அகப்பாடலில் தலைவனின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பதும் அந்த மாதிரியின் ஒரு விதியே. பெயரை விட்டதால் அகம் பொய்யாகிவிட்டதா? எதை விடுகிறேன், ஏன் விடுகிறேன் என்று இலக்கணம் வெளிப்படையாகச் சொன்னது. அதனால்தான் உரையாசிரியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அதனோடு வாதிட முடிந்தது. திணை மயங்கும் இடங்களைச் சுட்டவும் முடிந்தது.

எனவே விடுவது குற்றமாகாது. விட்டதைச் சொல்லாமல் இருப்பதே குற்றம். இந்தக் கட்டுரை சொல்ல வந்தது அவ்வளவே. ஆனால் அதை நிறுவ, இந்த வெள்ள மாதிரி எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சிறிது திறந்து காட்ட வேண்டும்.

*

நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றனர். ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம் தேவை. நேரடி அளவை இல்லாத இடங்களில், பலரும் நாடும் இலவச மூலங்களுள் ஒன்று எண்டவர் விண்கலம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் 11 நாள் பறந்து ரேடார் மூலம் எடுத்த உலக அளவை. அரிய சாதனைதான். ஆனால் அதன் நுட்பமான பதிப்பிலேயே ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை இயல்பு. தோப்பு இருந்தால் மர உச்சியும் நிலமட்டத்தோடு கலந்துவிடும். எங்கள் வரத்துக் கால்வாய்களோ பலவிடங்களில் மூன்று நான்கு மீட்டர் அகலம். கலங்கலின் உயரம் ஓரிரு முழம் மாறினாலே எந்த ஊர் நனையும் என்பது மாறிவிடும். அந்தக் கட்டத்துக்குள் எங்கள் கால்வாய் ஒரு நூலிழைகூட அன்று. ஆக, அந்த உயரக் கோப்பை மட்டும் நம்பிய மாதிரியில் கால்வாயும் இல்லை. அதை மறித்த சாலையும் இல்லை.

அடுத்து மண். பெய்த மழையில் எவ்வளவு ஊறும், எவ்வளவு ஓடும் என்பதற்கு ஓர் எண் கொடுக்கின்றனர். அமெரிக்காவின் மண்வளப் பாதுகாப்புத் துறை 1950களில், தன் நாட்டுச் சிறு நீர்ப்பிடிப்புகளின் அளவைகளிலிருந்து உருவாக்கிய முறை அது. நூறை நெருங்க நெருங்க நீர் ஊறாமல் ஓடும். அந்த மூல வாய்பாட்டை வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன். பள்ளிக் கணிதமே போதும். ஒருநாளில் 150 மில்லிமீட்டர் மழை என்று கொள்வோம். எண் 75 என்றால் ஓடுநீர் சுமார் 81 மில்லிமீட்டர். எண் 85 என்றால் சுமார் 107. பத்துச் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 26 கோடி லிட்டர். ஒருவர் தம் மேசையில் அமர்ந்து 75ஐ 85 ஆக்கினால், எங்கள் ஏரிக்கு 26 கோடி லிட்டர் கூடுதலாக வந்து சேரும். அவர் எந்த எண்ணைப் போட்டார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?

மூன்றாவது, கால்வாயின் சொரசொரப்பு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த வாய்பாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. துப்புரவான நேரான மண்கால்வாய்க்கு 0.03 அளவில் ஓர் எண்; செடிகொடி மண்டிய கால்வாய்க்கு அது 0.1ஐயும் தொடும். சரிவும் நீராழமும் ஒன்றாகவே இருக்க, எண் மும்மடங்கானால் நீரின் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும். நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் அடைத்த கால்வாயைத் துப்புரவானது என்று எழுதிவிட்டால், காகிதத்தில் நீர் ஒழுங்காக வடிந்துவிடும். காலனி வெள்ளை நிறமாகிவிடும்.

இப்படி எண்கள் பல. அவற்றை முறுக்கி, பழைய வெள்ளத்தோடு விடை பொருந்தும்வரை சரிசெய்வார்கள். இங்கேதான் நுட்பமான ஓர் ஆபத்து. ஒன்றுக்கொன்று முரண்படும் எண்தொகுதிகள்கூட ஒரே அளவு நல்ல பொருத்தத்தைத் தர முடியும் என்பதை ஆங்கில நீரியலாளர் கீத் பெவன் 1990களிலிருந்து வற்புறுத்தி வந்திருக்கிறார். பழைய வெள்ளத்துக்குச் சரியாக விடை சொன்ன மாதிரி, தவறான காரணங்களால் சரியாகச் சொல்லியிருக்கலாம். அடுத்த வெள்ளத்தில்தான் குட்டு வெளிப்படும். எங்கள் பக்கத்துச் சிறு ஏரிகளிலோ வரத்தை அளக்கும் கருவியே பெரும்பாலும் கிடையாது. எதனோடு பொருத்திப் பார்த்தார்கள் என்ற கேள்வி அங்கே இன்னும் கூர்மையாகிறது.

இவை எல்லாம் மாதிரியாக்க அறிஞர்களே எழுதி வைத்திருப்பவை. நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆய்விதழில் பத்துப் பக்கம் ஐயங்களைப் பட்டியலிடும் அதே துறை, ஊர்க்கூட்டத்துக்கு வரும்போது மூன்று நிறங்களையும் 'மாடல் சொல்கிறது' என்ற வாக்கியத்தையும் மட்டும் கொண்டுவருகிறது. ஐயம் அறிஞருக்கு, நிச்சயம் குடியானவருக்கு என்ற இந்தப் பங்கீட்டைத்தான் எதிர்க்கிறேன்.

*

நேர்மையான பாவனைக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், கணிப்பொறியே இல்லாத காலத்தில், வானிலையைச் சமன்பாடுகளால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்த்தார். போரை மறுக்கும் க்வேக்கர் சமயத்தவர். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் நாள் வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது.

அவர் அதை மறைக்கவில்லை. எடுத்துக்கொண்ட அளவுகள், செய்த கணக்கு, வந்த தவறான விடை அனைத்தையும் 1922இல் நூலாக வெளியிட்டார். 1950இல் எனியாக் கணிப்பொறியில் முதல் எண்முறை வானிலைக் கணிப்பு நிகழ்ந்தபோது அந்த நூல்தான் முன்னோடியாக நின்றது. பின்னர் அயர்லாந்து வானிலையாளர் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கை மீண்டும் செய்து, தொடக்க அளவுகளைச் சமனாக்கியிருந்தால் விடை ஏற்கத்தக்கதாகவே வந்திருக்கும் என்று காட்டினார். எண்பது ஆண்டுகள் கழிந்தும் பிழையைத் திருத்த முடிந்தது எதனால்? ரிச்சர்ட்சன் கணக்குக் காட்டியிருந்தார்.

*

கணக்குக் காட்டுதல் என்றவுடன் எங்கள் ஊர்க் கோயிற்சுவர் நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919க்கும் 921க்கும் உரியவை, குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் எங்கள் ஊரைக் குறிப்பிட்டார். மேடைதோறும் குடத்தைப் புகழ்கின்றனர். நான் அந்தப் புகழ்ச்சியில் சேரப் போவதில்லை. அது பிரமதேயத்தின் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அங்கே ஓலை. மேலே சொன்ன காலனி மக்களின் முன்னோர் பெயர் எந்தக் காலத்திலும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. இதைச் சொல்லாமல் குடவோலையைப் பாராட்டுவதும் எழுவாயை மறைக்கும் வேலையே.

ஆனாலும் அக்கல்வெட்டில் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, சீட்டெடுக்கும் முறை. ஓலைகளைக் குடத்தில் இட்டு, அனைவரும் காணக் குடத்தைத் தூக்கிக்காட்டி, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்து, அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏந்தி, சபையில் உரக்கப் படிக்க வேண்டும். இன்றைய பாவனைகள் பலவும் தற்செயலையே பயன்படுத்துகின்றன. மழை எப்படியெல்லாம் பெய்யக்கூடும் என்று ஆயிரம் முறை சீட்டுக் குலுக்கிப் பார்க்கின்றனர். 1940களில் லாஸ் அலமோஸில் உலாமும் நியூமனும் வகுத்த மாண்டி கார்லோ முறை அது. அதற்கும் ஒரு விதி உண்டு: குலுக்கலைத் தொடங்கிய எண்ணைக் குறித்துவைத்தால், வேறொருவர் அதே குலுக்கலை மீண்டும் நடத்திச் சரிபார்க்கலாம். விரித்த ஐந்து விரலின் பொருளும் அதுதான். கைக்குள் எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டுவது.

இரண்டாவது, எவரும் மேடையில் சொல்லாத விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்குத் தகுதியற்றவர். சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் மட்டும் அன்று. ஏரி வாரியத்துக்கும் அதே விதி. பல்லவர் காலக் கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் என்று குறிக்கும் எங்கள் பெரிய ஏரி, அத்தகைய வாரியத்தின் கண்காணிப்பில் இருந்த ஏரி. ஏரியின் கணக்கைக் காட்டாதவர் ஏரியைத் தொடக் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த அறிவு இருந்தது.

இன்று ஏரியை ஆள்வதில் கணிப்பொறிக்கும் இடம் வந்துவிட்டது. அதனிடம் மட்டும் கணக்குக் கேட்கக் கூடாதா?

*

மாதிரியே வேண்டாம் என்று சொல்வோருக்கு 2015ஐ நினைவூட்டுகிறேன். டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, நீர் திறந்த முறையைக் கடுமையாகக் குறைகூறி, அதை மனிதர் விளைவித்த பேரிடர் என்றது. நீர்வரத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஏற்பாடு இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு அது சான்று. அதன் பின்னரே தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், மும்பை, சென்னை ஐ.ஐ.டி.கள், அண்ணா பல்கலைக்கழகம் முதலியவை சேர்ந்து சென்னைக்கான வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பை 2019இல் உருவாக்கின. நல்ல முயற்சி, தேவையான முயற்சி. எங்கள் மாவட்டத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர்தான் அடையாறாகிச் சென்னைக்குள் நுழைகிறது என்பதால் எங்களுக்கும் அதில் அக்கறை உண்டு.

மாதிரி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோருக்கு 2023 டிசம்பரை நினைவூட்டுகிறேன். 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கனமழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தது. இத்தகைய மழை வரும் என்று இல்லை. பிறகு மாநில அரசும் வானிலைத் துறையும் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டன. முன்னறிவிப்பு எவ்வளவு சொன்னது, எவ்வளவு பெய்தது, ஏன் வேறுபட்டது என்பதைத் தாமிரபரணிக் கரையில் வீடிழந்தவருக்கு அவர் மொழியில் சொன்னவர் எத்தனை பேர்?

எங்கள் மாவட்டத்தின் வடக்கே பரந்தூரை எண்ணிப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் அங்கே விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் முதலிய ஊர்களின் ஏரிகளும் கம்பன் கால்வாயின் போக்கும் அந்தத் திட்டத்தோடு பின்னிக் கிடக்கின்றன. ஏகனாபுரம் மக்கள் நெடுங்காலம் போராடி வந்திருக்கின்றனர். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் ஓர் ஏரியை மூடினால் அந்நீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை, ஏதோ ஒரு கணினிப் பாவனையிலிருந்துதான் வரும். அந்த விடையை நம்பி ஒரு தலைமுறை வீட்டைக் காலிசெய்ய வேண்டும்; கீழுள்ள ஊர் தன் பயிரைப் பணயம் வைக்க வேண்டும். அத்தகைய விடையின் உள்ளே இருக்கும் எண்களைக் காண்பது சலுகையாகாது, அது உரிமை.

*

இதற்கு வழக்கமாக இரண்டு மறுப்புகள் வரும்.

முதல் மறுப்பு: இந்த மென்பொருள்கள் சிக்கலானவை, விலையுயர்ந்தவை, வெளியிட முடியாதவை. இது உண்மையன்று. ஆற்றுவெள்ளத்துக்கு உலகெங்கும் பயன்படும் ஹெக்-ராஸ், ஹெக்-எச்எம்எஸ் ஆகியவை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆக்கங்கள். எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீர்ப்பிடிப்பு ஆய்வுக்குரிய ஸ்வாட் மென்பொருளும் இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அமெரிக்கா தன் கருவியை உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் ஏரியைப் பற்றி அந்தக் கருவிக்குள் இட்ட எண்கள்தாம் எங்களுக்கே மூடிக் கிடக்கின்றன.

இரண்டாவது மறுப்பு: சொன்னாலும் ஊராருக்குப் புரியாது. இதைச் சொல்பவர் ஏலச்சீட்டு நடக்கும் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். தள்ளுத்தொகை, வட்டி, பங்கு ஆகியவற்றை எழுதாமலேயே கணக்கிடும் பெண்களுக்கு, கால்வாய் அடைந்திருந்தால் எண் 0.1, அடையாதிருந்தால் 0.03 என்பது புரியாதா? புரியும்படி சொல்லும் மொழியை நாம்தான் உண்டாக்கவில்லை. இங்கே குற்றம் என்னைப் போன்ற தமிழாசிரியர்களுக்கும் உண்டு. கலைச்சொல் அகராதிக்குப் பத்துச் சொல் ஆக்கிக் கொடுத்ததோடு எங்கள் கடமை முடிந்தது என்றிருந்துவிட்டோம். ஓர் அறிக்கையை எடுத்து, ஊரார் சண்டைபோடும் அளவுக்குத் தெளிவான தமிழில் எழுதித்தந்தவர்கள் எத்தனை பேர்?

எங்களால் செய்யக்கூடியது இன்னும் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையில் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அதன் விரிவான தமிழ் ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஊருக்கு ஊர் நிலம், நீர்நிலை, குடிகள், பங்குகள் என்று கணக்கு. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு எது ஏரியாக இருந்தது என்று அறிய விரும்பும் மாதிரியாளருக்கு அதைவிட நல்ல சான்று எது? ஆனால் ஓலையைப் படிக்கத் தெரிந்தவர் கணினியிடம் போவதில்லை; கணினி தெரிந்தவர் ஓலையிடம் வருவதில்லை. 'மண்வாசனை தெரியுமா' என்று கேட்டுவிட்டு நாம் கவிதைக்குத் திரும்பிவிடுகிறோம்.

*

புலம்பலோடு நிறுத்த விருப்பமில்லை. நான் கேட்பது நான்கு.

ஓர் ஊரைப் பற்றிய எந்தக் கணினிப் பாவனையும் முடிவாக்கப்படுமுன், அந்த ஊரின் நீர் பாய்ச்சுவோரோடு வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் நடந்து பார்க்கப்பட வேண்டும். நடந்த நாளும் கண்ட தடையும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

எந்த உயரக் கோப்பு, எந்த மண் எண், எந்தச் சொரசொரப்பு, எந்த ஆண்டு மழை, எதனோடு பொருத்திப் பார்த்தது, எதை விட்டது ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், மாதிரி சொன்னது என்ன, நடந்தது என்ன என்ற ஒப்பீட்டை வெளியிட வேண்டும். தவறியது வெட்கமன்று, ரிச்சர்ட்சன் 145 மில்லிபார் தவறினார்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் என்றாயிற்று. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று ஏரியின் கணக்கு சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். காலனியிலிருந்து வருபவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். பழைய சபையில் இல்லாத அவர்தான் இன்றைய சபைக்குப் பெருமை.

இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. வாக்கியத்தில் எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். 'மாடல் எடுத்துக்கொண்டிருக்கும்' என்பதற்குப் பதிலாக, 'கலங்கலை நான் சேர்க்கவில்லை ஐயா, காரணம் இது' என்று அந்த இளைஞர் சொல்லியிருந்தால், பெரியவர் எழுந்து சென்று சுவரில் விரல் வைத்து இடத்தைக் காட்டியிருப்பார். படம் அன்றே திருந்தியிருக்கும்.

போன வாரம் அந்தப் பெரியவரைச் சந்தையில் பார்த்தேன். படம் என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"காலனிய நீலமா மாத்தச் சொல்லி எழுதிப் போடுங்க வாத்தியாரே. மழைக்கு முன்னால."

எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் நண்பர்கள் சுட்டலாம். என் கணக்கையும் காட்டக் கடமைப்பட்டவன் நான்.